ஒரு மாசம் பொறுங்க

ஐப்பசி மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்த ஒரு காலை. பாலை வாங்கி உள்ளே கொடுத்துவிட்டு, பள்ளத்தூர் வீட்டு முகப்பில் உட்கார்ந்து போனைத் திறந்தேன். தெரியாத எண்ணிலிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்திருந்தது. நமக்குத் தெரிந்த பையன்தான். ஆதார் அட்டையில் இருக்கும் முகத்தை வெட்டி எடுத்து, கீழே சிவப்பு எழுத்தில் 'இந்த நபர் திருடன், பணம் வாங்கி ஓடியது, உங்கள் எண் ஜாமீன் கொடுத்துள்ளது' என்று எழுதியிருந்தார்கள். தமிழ் தெரியாத யாரோ எழுதிய தமிழ். அல்லது எந்த மனிதரும் எழுதாத தமிழ்.

அந்தப் பையனுக்கு இருபத்துநான்கு வயது. ஆத்தங்குடியில் ஒரு தரைக்கல் பட்டறையில் வேலை. கண்ணாடிப் பலகையின்மேல் அச்சை வைத்துச் சாயச் சிமெண்டை ஊற்றுகிற கை அவனுடையது. கல்லுக்கு இவ்வளவு என்று கூலி. ஊற்றிய கல்லை வெயிலில் வைத்துத் தண்ணீரில் ஊறப்போட வேண்டும். மழைக்காலத்தில் வெயில் இல்லை, அதனால் கல் இல்லை, அதனால் கூலியும் இல்லை. அவன் அப்பா எங்கள் வீட்டு ஓடு மாற்ற வருவார். என்னைச் 'செட்டியாரே' என்பார். பையன் 'சார்' என்பான். ஒரு தலைமுறையில் நடந்த இந்த மாற்றம் எனக்குப் பிடித்தமானது. அதைப் பற்றி வேறொரு நாள்.

போன் செய்தேன். எடுக்கவில்லை. பத்து மணிவாக்கில் அவனே வண்டியில் வந்து இறங்கினான். திண்ணைக்குக் கீழே நின்றுகொண்டே பேசினான், ஏறி உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. படம் எனக்கு மட்டும் வரவில்லை. பட்டறை முதலாளிக்கு, அக்காளைக் கட்டிக் கொடுத்த வீட்டுக்கு, பள்ளியில் பாடம் எடுத்த டீச்சருக்கு, காரைக்குடியில் வண்டி பழுது பார்க்கிறவருக்கு என்று அவன் போனில் பேர் இருந்த எல்லாருக்கும் போயிருக்கிறது.

"எவ்வளவு வாங்கின?"

"ஆறாயிரம் சார். கைக்கு வந்தது மூவாயிரத்துத் தொள்ளாயிரம்."

"எத்தனை நாள்?"

"ஏழு நாள்."

முப்பத்தைந்து வருஷம் வங்கியில் இருந்தவனுக்குக் கணக்கு தானாக ஓடும். 3,900 ரூபாய்க்கு ஏழு நாளில் 2,100 ரூபாய் வட்டி. எங்கள் பக்கத்தில் வட்டியை மாதக் கணக்கில் நூற்றுக்கு இத்தனை ரூபாய் என்றுதான் சொல்வோம். ஒரு வட்டி, இரண்டு வட்டி. மூன்று வட்டி வாங்குகிறவரை ஊர் ஒரு மாதிரி பார்க்கும். பத்து வட்டிக்காரர் வீட்டில் பெண் எடுக்க யோசிப்பார்கள். இந்தக் கணக்கில் பையன் வாங்கியது ஏறக்குறைய 230 வட்டி. முதல் கடனை அடைக்க இரண்டாவது, இரண்டாவதை அடைக்க மூன்றாவது என்று மூன்று ஆப்.

ஊரில் யாரும் செயலி என்று சொல்வதில்லை. 'ஆப்புல வாங்கினேன்' என்பார்கள். ஆப்பு என்று காதில் விழும்போது, தமிழ் இந்த விஷயத்தை முன்கூட்டியே தெரிந்து வைத்திருந்ததோ என்று தோன்றும்.

சட்டம் இல்லையா என்றால், இருக்கிறது. நான் இந்தச் செய்திகளை விடாமல் படிக்கிறவன். ஓய்வு பெற்ற பிறகு மற்றவர்கள் கிரிக்கெட் பார்ப்பதுபோல நான் ரிசர்வ் வங்கிச் சுற்றறிக்கை படிக்கிறேன், மனைவி தலையில் அடித்துக்கொள்வாள். 2021 தொடக்கத்தில் ரிசர்வ் வங்கி ஒரு பணிக்குழு அமைத்தது. அந்தக் குழு இரண்டு மாதம் தேடியதில் ஏறத்தாழ 1,100 கடன் செயலிகள் அகப்பட்டன; அவற்றில் 600 சட்டவிரோதமானவை. 2022 செப்டம்பரில் விதிமுறைகள் வந்தன. கடன் தொகை நேராக வாங்குகிறவர் கணக்கில் விழ வேண்டும், ஆண்டு வட்டி மொத்தம் எவ்வளவு என்று ஒரே தாளில் காட்ட வேண்டும், போனில் உள்ள தொடர்பு எண்களைத் தொடக்கூடாது. 2025-ல் அவற்றையெல்லாம் ஒன்றாகத் தொகுத்துப் புதிய உத்தரவாக வெளியிட்டார்கள். அனுமதி பெற்ற நிறுவனங்களின் செயலிகள் எவை என்று ரிசர்வ் வங்கியின் வலைத்தளத்தில் பட்டியலும் போட்டார்கள். பையன் வாங்கிய மூன்றையும் அந்தப் பட்டியலில் தேடிப் பார்த்தேன். மூன்றும் இல்லை.

தமிழ்நாட்டிலும் சட்டத்துக்குக் குறைவில்லை. 2003-ல் கந்துவட்டித் தடைச் சட்டம் வந்தது. தினவட்டி, மணிநேர வட்டி, மீட்டர் வட்டி, தண்டல் என்று நம் தெருவில் புழங்கிய சொற்களெல்லாம் அப்படியே சட்டப் புத்தகத்தில் ஏறின. படித்தபோது, ஒரு சட்டம் முதன்முறையாக எங்கள் மொழியில் பேசுகிறது என்று சந்தோஷப்பட்டேன். 2025-ல் இன்னொன்று: கடனை மிரட்டி வசூலிப்பதைக் குற்றமாக்கும் சட்டம். வசூல் தொல்லை தாங்காமல் யாராவது உயிரை மாய்த்துக்கொண்டால் அதைத் தற்கொலைக்குத் தூண்டியதாகவே எடுத்துக்கொள்வார்கள். நல்ல சட்டம். ஆனால் பையனை மிரட்டியவருக்கு ஊர் இல்லை, பேர் இல்லை, அநேகமாகக் குரல்கூட இல்லை. யார் கையில் விலங்கு மாட்டுவது?

காவல்துறையின் சைபர் குற்ற உதவி எண்ணுக்குப் புகார் சொல்லலாம் என்று உட்கார வைத்தேன். எண் 1930. அதைப் போனில் அழுத்தும்போதே எனக்கு ஐயா நினைவு வந்துவிட்டது. எங்கள் வீட்டில் 1930 என்றால் பர்மாவில் நெல் விலை விழுந்த வருஷம்.

எங்கள் ஐயா, அதாவது அப்பாவின் அப்பா, பெரிய முதலாளி கிடையாது. செட்டிநாடு என்றதும் ஆயிரம் சன்னல் வீடும் பர்மாத் தேக்குத் தூணும்தான் மற்றவர்கள் கண்ணில் வரும். அந்த வீடுகளைக் கட்டியவர்களிடம் சம்பளத்துக்கு இருந்தவர்கள் எத்தனையோ பேர். ஐயா பதினான்கு வயதில் பெட்டியடிப் பையனாகப் பர்மாவுக்குக் கப்பல் ஏறினார். பணப்பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எடுத்துக் கொடுக்கிற வேலை; கூடவே கடை பெருக்கவும் வேண்டும். பிறகு அடுத்தாள் ஆனார். மேலாளுக்கு அடுத்த ஆள், கணக்கெழுதுகிறவர். மூன்று வருஷம் ஒரு கணக்கு. முடிந்ததும் ஊருக்கு வந்து சில மாதம் இருந்துவிட்டு மறுபடி கப்பல்.

அப்போது பர்மாவில் 1,650 செட்டியார் வட்டிக்கடைகள் இருந்ததாக 1930 வாக்கில் வந்த வங்கி விசாரணைக் குழு அறிக்கை சொல்கிறது. தங்களுக்குள் என்ன வட்டிக்குப் பணம் புரட்டிக்கொள்வது என்று ரங்கூன் மொகல் தெருக் கோயிலில் மாதா மாதம் கூடி முடிவு செய்வார்கள். அதற்கு நடப்பு வட்டி என்று பேர். இன்றைக்கு மும்பையில் ரிசர்வ் வங்கியின் நிதிக்கொள்கைக் குழு இரண்டு மாதத்துக்கு ஒரு முறை கூடி ரெப்போ என்கிற வட்டி விகிதம் அறிவிக்கிற செய்தியைத் தொலைக்காட்சியில் பார்க்கும்போது, விபூதியும் சாமியும்தான் குறை என்று நினைத்துக்கொள்வேன்.

ஐயா எழுதிய பேரேடுகளில் இரண்டு எங்கள் வீட்டு மேல்மாடி அலமாரியில் இன்னும் இருக்கின்றன. தடித்த காகிதம், தமிழ் எண்கள். 1942-ல் ஜப்பான்காரன் வந்தபோது நடந்து வந்தவர்கள் எதை எதையோ வழியில் போட்டார்கள்; இவர் இந்த இரண்டையும் போடவில்லை. வசூலாகாத கடனுக்கு ஆதாரம் என்ற எண்ணம். அந்த எண்ணம் 1948-ல் பர்மா அரசு நிலங்களைத் தேசியமயமாக்கியபோது செத்தது. ஆனாலும் பேரேட்டை எடைக்குப் போட அவருக்கு மனம் வரவில்லை.

பையன் போனபின் அன்று மதியம் அந்தப் பேரேட்டை எடுத்துப் பிரித்துப் பார்த்தேன். சின்ன வயதிலிருந்து பார்த்ததுதான், ஆனால் அன்றைக்குத்தான் கண்ணில் பட்டது. ஒவ்வொரு பேருக்குக் கீழும் தொகை மட்டும் இல்லை. இன்ன ஊர், இத்தனை ஏக்கர், மாடு இத்தனை ஜோடி, மச்சான் இன்னார், இன்ன கடையிலும் பற்று உண்டு. ஒரு விவசாயியைச் சுற்றியுள்ள மனிதர்கள் எல்லாரும் அந்தப் பக்கத்தில் இருந்தார்கள். 'தொடர்பு எண்களை எடுத்துக்கொள்ள அனுமதிக்கிறீர்களா' என்று அந்த ஆப் பையனிடம் கேட்டதே, அதே பட்டியல். என் தாத்தா அனுமதியும் கேட்கவில்லை.

இதை எழுதும்போது எனக்குக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆப்காரனைத் திட்டி ஒரு பக்கம் எழுதிவிட்டு, பழைய செட்டியார் கொடுக்கல் வாங்கலில் எல்லாம் தர்மமாக நடந்தது என்று முடிப்பது சுலபம். எங்கள் ஊர்க்காரர்கள் அப்படி நிறைய எழுதுகிறார்கள். கணக்கு அப்படிச் சொல்லவில்லை. கீழ் பர்மாவின் முக்கியமான நெல் மாவட்டங்களில் 1930-ல் செட்டியார்கள் கையில் இருந்தது விளைநிலத்தில் 6 சதவீதம். 1938-ல் 25 சதவீதம். எட்டு வருஷத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு நிலம் கைமாறியது. அந்த நிலத்தை இழந்தவனின் பேரன் ஒருவன் இன்று எங்கேயோ இருப்பான். அவன் வீட்டில் செட்டியார் என்ற சொல்லை எப்படிச் சொல்வார்கள் என்று நினைத்துப் பார்க்கலாம்.

ஐயா இதைப் பற்றிப் பேசினால் ஒரே மாதிரிதான் பேசுவார். "நெல்லு வெல விழுந்துச்சு. வந்து கையக் கூப்பிக்கிட்டு உக்காந்தான். ஒரு அறுப்புக்குப் பொறுங்கன்னான். பொறுத்தோம். அடுத்த அறுப்புலயும் வெல இல்ல. பொறுத்தோம். பொறுக்கப் பொறுக்க வட்டி ஏறிப்போச்சு, ஏறின வட்டிக்கு நெலம் வந்துச்சு. நெலத்த வச்சுக்கிட்டு நாங்க என்ன செய்ய, ஏரா பிடிக்க? எங்களுக்குப் பணம்தாண்டா வேணும்." கடைசி வரியில் குரல் உயரும், ஐம்பது வருஷம் கழித்தும்.

நான் அவரை முழுதாக நம்புகிறேன். நிலம் அவர்களுக்கு வேண்டியிருக்கவில்லை என்பது உண்மைதான். ஆனால் 'பொறுங்க' என்று ஒருவன் வந்து கேட்கிற இடத்தில் உட்கார்ந்திருப்பதில் ஒரு சுகம் இருந்திருக்கும். அதை அவர் ஒருநாளும் சொன்னதில்லை. எனக்கு எப்படித் தெரியும் என்றால், அந்த இடத்தில் நானும் உட்கார்ந்திருக்கிறேன்.

வங்கியில் எனக்கு நகைக்கடன் பிரிவில் பதினோரு வருஷம். எந்த வங்கி என்பது வேண்டாம். கவுண்டரில் அப்ரைசர் உரைகல்லில் உரைத்து, கல்லுக்குக் கழித்து, எடை சொல்வார், நான் எழுதுவேன். எங்கள் பக்கத்தில் நகை அடகு வைப்பது வெட்கமான காரியமாக இருந்த காலம் உண்டு. ஆச்சிமார் மத்தியான நேரம் பார்த்து, கொட்டான் கூடையில் வெற்றிலைக்குக் கீழே சங்கிலியை வைத்து எடுத்து வருவார்கள். கழுத்திருவை, அதாவது எங்கள் பக்கத்துத் தாலியை, மட்டும் யாரும் கொண்டுவர மாட்டார்கள். என் காலத்தில் ஒரே ஒரு தடவை வந்தது. அப்ரைசர் அதைத் தொடாமல் என்னைப் பார்த்தார். நானும் தொடவில்லை. மேலாளர் வந்துதான் வாங்கினார்.

நகையின் தவணை முடிந்தால் அறிவிப்பு அனுப்ப வேண்டும். அதற்கும் பதில் இல்லையென்றால் ஏலப் பட்டியல். அந்தப் பட்டியலைத் தட்டச்சு செய்வது நான். யார் பேரை இந்த மாதம் ஏற்றுவது, யாரை அடுத்த மாதத்துக்குத் தள்ளுவது என்பதில் எழுதப்படாத ஓர் அதிகாரம் எனக்கு இருந்தது. 'ஒரு மாசம் பொறுங்க சார், மகன் சிங்கப்பூர்ல இருந்து அனுப்புறான்.' 'ஒரு மாசம் பொறுங்க, கடலை வந்துரும்.' பெரும்பாலும் பொறுத்தேன். பெருமைக்குச் சொல்லவில்லை, பொறுக்கும்போது மனதுக்கு நன்றாக இருக்கும்.

ஒரு தடவை பொறுக்கவில்லை. கண்டனூர் பக்கத்து அம்மாள் ஒருத்தி, பேரன் பாலிடெக்னிக் கட்டணத்துக்குக் கம்மலை வைத்திருந்தார். ஒன்றரைப் பவுன்தான். இரண்டு தடவை தள்ளிவைத்திருந்தேன். மூன்றாவது தடவை ஆண்டுக் கணக்கு முடிவு நேரம், மேலிடத்துக் கெடுபிடி, எனக்கும் வீட்டில் ஏதோ எரிச்சல். பேரை ஏற்றிவிட்டேன். ஏலம் முடிந்த மறுநாள் காலை முந்தானையில் பணத்தை முடிந்துகொண்டு வந்து நின்றார். சத்தம் போடவில்லை. "யாரு எடுத்தாங்க, அவங்ககிட்ட கேட்டு வாங்கிக்கிறேன்" என்றார். தெரியாது என்று சொன்னேன். தெரியும். வாங்கியவர் அப்போது உள்ளே காப்பி குடித்துக்கொண்டிருந்தார். மீதித் தொகைக்குக் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டு அந்த அம்மாள் படி இறங்கிப் போனார். காதில் ஈர்க்குச்சி செருகியிருந்தது.

அதனால்தான் 2025-ல் நகைக்கடன் விதிகள் பற்றி நாட்டில் கூச்சல் எழுந்தபோது, நான் எந்தப் பக்கமும் முழுதாகச் சேர முடியாமல் தவித்தேன். அந்த ஏப்ரலில் ரிசர்வ் வங்கி வரைவு விதிகளை வெளியிட்டது. நகை உங்களுடையதுதானா என்பதைச் சரிபார்த்துப் பதிவு செய்ய வேண்டும் என்று அதில் இருந்தது. எங்கள் தெரு சிரித்தது. அப்பத்தாவுக்கு அவர் அப்பத்தா போட்ட தோட்டுக்கு எந்தக் கடையில் ரசீது கேட்பது? எதிர்வீட்டு ஆச்சி, "எங்க கல்யாணத்துல சாமான் பரப்பின அன்னிக்கு ஊரே வந்து பாத்துச்சு, ஊரையே சாட்சிக்குக் கூட்டிட்டு வரவா?" என்றார். எதிர்ப்பு பலமாக வந்து, ஜூன் 6-ந் தேதி வந்த இறுதி விதிகளில் பல கட்டுகள் தளர்ந்தன. ரசீது இல்லாவிட்டால் வாங்குகிறவரின் உறுதிமொழி போதும். இரண்டரை லட்சம் வரை நகை மதிப்பில் 85 சதவீதம் கொடுக்கலாம். முன்பு 75 தான். இந்தத் தொகை வரை வருமானத்தைத் துருவவும் வேண்டாம். கடனை அடைத்த ஏழு வேலை நாளுக்குள் நகையைக் கொடுக்காவிட்டால், தாமதம் வங்கியுடையது என்றால், நாளொன்றுக்கு 5,000 ரூபாய் வாடிக்கையாளருக்கு. ஏலத்தில் ஆரம்ப விலை நகை மதிப்பில் 90 சதவீதத்துக்குக் கீழே போகக்கூடாது. 2026 ஏப்ரல் 1-க்குள் நடைமுறைக்கு வரவேண்டும் என்று கெடு.

இவ்வளவும் நல்லதுதான். அந்தக் கம்மலுக்கு அன்று இந்த விதி இருந்திருந்தால் கண்டனூர் அம்மாளுக்கு இன்னும் கொஞ்சம் பணமாவது மிஞ்சியிருக்கும். ஆனால் செய்தித்தாளில் பெரிதாக வராத ஒன்று உண்டு. அந்த வருஷத் தொடக்கத்தில், வட்டி மட்டும் கட்டி நகையைத் திருப்பி வைக்கிற பழைய வழக்கத்தைப் பல இடங்களில் நிறுத்திவிட்டார்கள். அசலும் வட்டியும் முழுசாகக் கட்டி மீட்டு, அதன்பிறகுதான் மறுபடி வைக்க முடியும் என்றார்கள். விதியை எழுதியவர்களுக்கு நோக்கம் சரிதான்: வட்டி ஏறிக்கொண்டே போய் நகையை விழுங்கக்கூடாது. ஐயா சொன்ன கதைதான் அது, பொறுக்கப் பொறுக்க ஏறுகிற வட்டி. ஆனால் ஒரு லட்ச ரூபாய் கடனில் இருப்பவரிடம் ஒரு லட்சம் ரொக்கமாக இருந்தால் அவர் ஏன் நகையை வைக்கிறார்? என்ன நடந்தது என்றால், ஒருநாள் வட்டிக்காரர்கள் முளைத்தார்கள். காலையில் பணம் கொடுத்து நகையை மீட்பார்கள், கூடவே நின்று மறுபடி வைக்கச் செய்து, வந்த பணத்திலிருந்து எடுத்துக்கொண்டு போவார்கள். ஒரு பகல் பொழுதுக்கு வட்டி. கந்துவட்டியை ஒழிக்கிற நாட்டில், கணக்குச் சுத்தமாக இருக்க வேண்டும் என்பதற்காக வாசலிலேயே ஒரு கந்துவட்டி. பழைய வாடிக்கையாளர் ஒருவருக்குத் துணையாகப் போய் இதைக் கண்ணால் பார்த்தேன். அந்த ஆள் என்னை அடையாளம் கண்டு வணக்கம் வேறு சொன்னார்.

அப்புறம் 2025 டிசம்பரில் பவுன் ஒரு லட்சத்தைத் தாண்டியது. எல்லாரும் விலையைப் பேசினார்கள். நான் கண்டனூர் அம்மாளின் ஒன்றரைப் பவுனை நினைத்தேன், அவ்வளவுதான்.

சட்டம் பொறுமையை விதியாக்கிப் பார்த்ததும் உண்டு. 1938-ல் சென்னை மாகாணத்தில் விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம் வந்தது. 1937 அக்டோபர் 1 வரை ஏறி நின்ற வட்டி தள்ளுபடி. அசலைப்போல் இரண்டு மடங்கு ஏற்கனவே கட்டியிருந்தால் கடனே தீர்ந்தது. பர்மாவில் நிலமாக வந்து விழுந்த அதே வட்டி, இந்தக் கரையில் ஒரே கையெழுத்தில் இல்லாமல் போனது. எங்கள் வீட்டில் இரண்டு கரையிலும் கொடுத்தவர்கள் இருந்தார்கள். சின்னப் பையனாக நான் கேட்டிருக்கிறேன், "அப்ப இங்க நமக்கு நட்டமா?" என்று. ஐயா வெற்றிலையைக் கிள்ளிக்கொண்டே, "இங்கதான் நட்டம். ஆனா இங்க நம்மள யாரும் வெரட்டலையேடா" என்றார். ஐயாவிடமிருந்து பொருளாதாரமாக நான் கேட்டது அந்த ஒரு வாக்கியம்தான். அதை இன்னும் என்னால் முழுசாக ஜீரணிக்க முடியவில்லை.

இப்போது யார் பொறுப்பது? வங்கியில் என் இடத்தில் இருக்கிற பெண்ணிடம் போன மாதம் கேட்டேன். ஏலப் பட்டியல் கம்ப்யூட்டரிலிருந்தே வருகிறது, ஒரு பேரை எடுக்க அவருக்கு வழியில்லை என்றார். சொல்லும்போது அவர் முகத்தில் நிம்மதி தெரிந்தது. எனக்கும் அந்த நிம்மதி புரிந்தது. எரிச்சலில் ஒரு பேரை ஏற்றுகிற ஆபத்து அவருக்கு இல்லை. கடன் தகவல் நிறுவனங்களுக்குப் பதினைந்து நாளைக்கு ஒரு முறை விவரம் அனுப்பும் முறை 2025 ஜனவரியில் வந்தது. கடன் மதிப்பெண் 750-க்கு மேலா கீழா என்று இயந்திரம் சொல்கிறது. மழையால் கல் காயவில்லை என்பதை அந்த மதிப்பெண்ணில் எங்கே எழுதுவது? குழுக்கடன் வசூலுக்குக் காலை ஒன்பதுக்கு முன்னும் மாலை ஆறுக்குப் பின்னும் தொல்லை செய்யக்கூடாது என்று 2022-லேயே விதி வந்துவிட்டது. நல்ல விதி. ஆனால் ஆறு மணிக்குள் வசூலுக்கு வருகிற ஆளுக்கும், 'சரி, அடுத்த வாரம் கொடு' என்று சொல்ல அதிகாரம் கிடையாது. அவனுக்கும் மேலே ஒரு இலக்கு.

அந்த மதிப்பெண் இயந்திரம் என்னைவிட நியாயமானதாகக்கூட இருக்கலாம். அது சாதி பார்க்காது, வீட்டு எரிச்சலைக் கவுண்டருக்குக் கொண்டுவராது. எங்கள் கவுண்டரில் யாருக்கு நாற்காலி, யாருக்கு நிற்கிற இடம் என்பது எடை பார்ப்பதற்கு முன்பே முடிவாகிவிடும் என்பதை நான் மறக்கவில்லை. ஆனாலும் அதன் முன்னால் போய் நின்று ஒரு வார்த்தை சொல்ல முடியாது. அது அழைத்தால் நாம் கேட்க வேண்டும். நாம் அழைத்தால் அது 'ஒன்றை அழுத்தவும்' என்கிறது.

பையன் கதைக்கு வருகிறேன். புகார் பதிவானது, எண் வந்தது. ஆப்களுக்கு மேற்கொண்டு ஒரு பைசா கட்ட வேண்டாம் என்று சொன்னேன். படங்கள் இன்னும் இரண்டு வாரம் வந்தன, பிறகு நின்றன. பட்டறை முதலாளி, "எனக்கும்தான் வந்துச்சு, அழிச்சிட்டேன், போய் வேலையப் பாரு" என்றாராம். அக்காள் வீட்டில் கொஞ்சம் பேச்சு எழுந்து அடங்கியது. ஆனால் முதல் ஆப்பை அடைக்கிற அவசரத்தில் உள்ளூரில் ஒருவரிடம் கைமாற்றாக வாங்கிய பதினைந்தாயிரம் அப்படியே நின்றது. அதை நான் கொடுத்தேன்.

"வட்டி எவ்வளவு சார்?"

"வட்டியெல்லாம் வேண்டாம்ப்பா."

"வட்டி இல்லாம வேணாம் சார்."

நின்ற நின்ற நிலையில் பேசி, ஒரு வட்டி என்று முடிவானது. சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை ஐந்நூறு, ஜிபேயில். நான் டயரியின் கடைசிப் பக்கத்தில் அவன் பேரை எழுதிக் கோடு போட்டு, பற்று என்று ஒரு பக்கம், வரவு என்று ஒரு பக்கம் எழுதினேன். மனைவி எட்டிப் பார்த்து, "ஐயா கடையத் திரும்பத் தெறந்தாச்சாக்கும்" என்றாள்.

ஏழு சனிக்கிழமை தவறாமல் வந்தது. எட்டாவது சனிக்கிழமை வரவில்லை. ஞாயிறு காலையில் வண்டிச் சத்தம். ஒரு வரி மெசேஜ் போட்டிருக்கலாம்; வந்து நின்றான். இந்தத் தடவை சொல்லாமலே திண்ணையில் ஏறி ஓரமாக உட்கார்ந்தான். தங்கச்சிக்குக் காய்ச்சல், இரண்டு நாள் ஆஸ்பத்திரி, இந்த வாரம் முடியாது.

"ஒரு வாரம் பொறுங்க சார்."

சரி என்று உடனே சொல்லியிருக்க வேண்டும். எனக்கு அந்த ஐந்நூறு ரூபாய் ஒரு பொருட்டே இல்லை. ஆனால் உடனே சொல்லவில்லை. இரண்டு விநாடி, மூன்று விநாடி இருக்கும். வாசலைப் பார்த்தேன், வெற்றிலைச் செல்லத்தை இழுத்தேன். அந்த மூன்று விநாடியும் அவன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். உள்ளே ஏதோ ஒன்று சுகமாக நிமிர்ந்து உட்கார்ந்தது. எனக்கு அது நன்றாகத் தெரிந்த சுகம்.

"சரிப்பா" என்றேன்.

அவன் போன பிறகு டயரியை எடுத்தேன். வரவுப் பக்கத்தில் அந்தத் தேதிக்கு எதிரே என்ன எழுதுவது என்று தெரியவில்லை. கொஞ்ச நேரம் பேனாவை வைத்துக்கொண்டிருந்துவிட்டு, 'தங்கச்சிக்குக் காய்ச்சல்' என்று எழுதி மூடி வைத்தேன்.